பழைய நெகட்டிவை வீட்டிலேயே ஸ்கேன் பண்ணுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் இருக்கிறேன். என் சித்தப்பா தேயிலைத் தோட்டந்தோட்டமாகப் போய்க் கல்யாணம், காதுகுத்து, தேர்த் திருவிழா, அடையாள அட்டைப் படம் என்று எடுத்தவர். அவர் போன பிறகு மூன்று பெரிய பிஸ்கட் டின் நிறைய நெகட்டிவ் என் தலையில் விழுந்தது. அதை ஸ்கேன் பண்ண ஆரம்பித்த நாளிலிருந்து ஊரில் யாரைக் கண்டாலும் இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பிரிண்ட் கையில் இருக்கிறதே, அதைப் போனில் படம் எடுத்தால் போதாதா?

வட்ஸ்அப்பில் அனுப்பத்தான் என்றால் போதும். ஆனால் பிரிண்டில் இருப்பதைவிட நெகட்டிவில் அதிகம் இருக்கிறது. பிரிண்ட் போடும்போது ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள், வெயிலில் நிற்கிற வெள்ளைச் சேலை வெறும் வெள்ளைத் திட்டாகப் போயிருக்கும், நெகட்டிவில் பார்த்தால் அந்தச் சேலையின் மடிப்பும் கரையும் அப்படியே இருக்கும். அதோடு 70கள், 80களின் கலர் பிரிண்ட் பலதும் இப்போது சிவந்துபோய்க் கிடக்கிறது. அதில் உள்ள மூன்று சாயங்களில் சயான் என்கிற நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கியதால் வந்த வினை அது. இருட்டில் டின்னுக்குள் கிடந்த நெகட்டிவ் பெரும்பாலும் அதைவிட நல்ல நிலையில் இருக்கும்.

நம் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்புவதென்ற 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, கப்பலுக்காகத் தலைமன்னாருக்கு ரயில் ஏறின குடும்பங்கள் ஆல்பத்தைக் கையோடு கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், அப்பாயியின் அக்கா குடும்பம் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் போனது, பிரிண்ட் எல்லாம் அங்கே, நெகட்டிவ் மட்டும் இங்கே.

எந்த ஸ்கேனர் வாங்குவது?

கம்யூனிகேஷன் கடையில் அடையாள அட்டை ஸ்கேன் பண்ணுகிற சாதாரண மெஷின் சரிவராது. அது கீழிருந்து வெளிச்சம் அடித்து, திரும்பி வருவதைப் படிக்கிறது. நெகட்டிவுக்கு வெளிச்சம் ஊடுருவிப் போக வேண்டும், அதாவது மூடியிலும் ஒரு விளக்கு இருக்க வேண்டும். எப்சன் வி600 அந்த வகைத் தட்டை ஸ்கேனர். ஒரே தடவையில் 35 மில்லிமீட்டர் பில்ம் 12 படம் வைக்கலாம், பழைய பெட்டிக் கெமராவின் அகலமான 120 பில்மையும் வைக்கலாம், பிரிண்டையும் ஸ்கேன் பண்ணலாம். பெட்டியில் 6400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம், உண்மையில் அது பிரித்துக் காட்டுகிற நுணுக்கம் அதில் கால்பங்குதான். பிளஸ்டெக் 8100, 8200i போன்றவை 35 மில்லிமீட்டருக்கு மட்டும். 7200 என்று எழுதியிருக்கும், பாதிக்கும் குறைவாகத்தான் தரும், ஆனாலும் தட்டை ஸ்கேனரைவிடப் படம் கூர்மை. என்ன, ஒவ்வொரு படமாகக் கையால் தள்ள வேண்டும், 36 படத்துக்கு ஒரு மாலைப் பொழுது போய்விடும். நிக்கோன் கூல்ஸ்கேன் கிடைத்தால் அதிர்ஷ்டம், ஆனால் அது உற்பத்தி நின்றுபோன மெஷின், பழுதானால் பார்ட்ஸுக்கு அலைய வேண்டும்.

என் யோசனை, தனியாக வாங்காதீர்கள். டொலர் விலையில் வருகிற சாமான் இது, ஒரு குடும்பத்துக்கு ஆறு மாத வேலைதான் அதற்கு இருக்கும். நாங்கள் மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு பழைய தட்டை ஸ்கேனர் வாங்கி, முறை வைத்து ஓட்டினோம்.

எத்தனை டிபிஐயில் வைப்பது?

35 மில்லிமீட்டர் படம் ஒன்றின் அளவு 24க்கு 36 மில்லிமீட்டர். 2400 டிபிஐ வைத்தால் ஏறக்குறைய 3400க்கு 2270 புள்ளி, அதாவது 77 லட்சம் புள்ளி வரும். பத்து அங்குலப் பிரிண்ட் தாராளமாகப் போடலாம். 3200 வைத்தால் ஒரு கோடியே 37 லட்சம். வி600 மாதிரி மெஷினில் அதற்கு மேல் ஏற்றினால் பைல்தான் ஊதும், படத்தில் புதிதாக ஒன்றும் வராது. பிளஸ்டெக்கில் 3600 வைக்கலாம்.

ஸ்கேனரே வேண்டாம், கெமராவால் எடுக்க முடியாதா?

முடியும், நன்றாகவே வரும். ரோல் கணக்கில் இருந்தால் இதுதான் வேகம். கிட்டத்தில் எடுக்கிற மக்ரோ லென்ஸ், ஒரு ஸ்டாண்ட், அடியில் வெள்ளை வெளிச்சம். எப்/8, ஐஎஸ்ஓ 100, ரா பைல் (கெமரா திருத்தாத பைல்), இரண்டு செக்கன் டைமர். கெமராவும் பில்மும் ஒன்றுக்கொன்று நேர்மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன வித்தை: பில்ம் வைக்கிற இடத்தில் ஒரு முகம் பார்க்கிற கண்ணாடித் துண்டை வையுங்கள், கெமராவில் பார்த்தால் லென்ஸின் பிம்பம் நட்ட நடுவில் தெரிய வேண்டும். தெரிந்தால் மட்டம் சரி.

வெளிச்சம்தான் இதில் முக்கியம். மலிவான எல்ஈடி விளக்கில் சில நிறங்களே இருக்காது, பிறகு என்ன திருத்தினாலும் முகத்தில் ரத்தம் வராது. சிஆர்ஐ, அதாவது நிறத்தை உண்மையாகக் காட்டுகிற அளவு, 95க்கு மேல் என்று போட்ட பலகை விளக்கு வாங்குங்கள். போன் திரையை வெள்ளையாக வைத்து அதன் மேல் நெகட்டிவைப் போட்டு எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அப்படி எடுத்தால் திரையின் குட்டிக் குட்டிப் புள்ளிகள் படத்தில் விழும், பில்மை நாலைந்து சென்டிமீட்டர் தூக்கிப் பிடித்தால் அது மறையும். சும்மா என்ன படம் என்று பார்க்க மட்டும் என்றால் காசே வேண்டாம். காலையில் பனி மூடின வானத்தை நோக்கி ஜன்னலில் பிடித்துப் போனால் எடுத்து, நிறத்தைத் தலைகீழாக்கிப் பாருங்கள். நம் ஊர் வானம் பாதி நாள் பால்கண்ணாடி மாதிரிதானே இருக்கிறது.

நெகட்டிவில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, சிலந்தி வலை மாதிரி. கழுவலாமா?

கழுவாதீர்கள்! அது பூஞ்சணம். பில்மின் மேல் பூசியிருப்பது ஜெலட்டின், அதாவது பூஞ்சணத்துக்குச் சோறு. காற்றின் ஈரப்பதம் 60, 65 வீதத்துக்கு மேல் நெடுநாள் நின்றால் அது முளைக்கும், மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், நோர்வூட், தலவாக்கலைப் பக்கம் துணியே காயாதபோது பில்ம் மட்டும் எப்படித் தப்பும். பூஞ்சணம் தின்ற இடத்தில் ஜெலட்டின் தண்ணீரில் கரைகிற தன்மைக்கு வந்துவிடுகிறது. ஈரத் துணியால் ஒரு துடைப்பு துடைத்தால் பூஞ்சணத்தோடு மாப்பிள்ளையின் முகமும் சேர்ந்து வரும். எனக்கு அப்படி ஒரு படம் போனது, ஒரு முழு மணவறை.

முதலில் காய்ந்த நிலையில் மெல்லிய பிரஷ்ஷால், முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு, வெளியில் வைத்துத் தட்டுங்கள். மிச்சத்துக்கு 99 வீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, அழுத்தாமல், ஒரே திசையில். பார்மசியில் கிடைக்கிற 70 வீதத்தில் மிச்சம் தண்ணீர், அது வேண்டாம். சானிடைசர் ஜெல்லும் வேண்டாம். உள்ளே தின்றுவிட்ட தடம் போகாது, அதை அப்புறம் கணினியில்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, பூத்த பில்மை நல்ல பில்மோடு ஒரே டின்னில் போடாதீர்கள்.

ஊவாப் பக்கம், பண்டாரவளை, ஹப்புத்தளையில் உள்ளவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் மழை இல்லாமல் நன்றாகக் காய்கிற காலம், அப்போது இந்த வேலையை வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான்.

வெள்ளத்தில் நனைந்து சேறு பிடித்த நெகட்டிவை என்ன செய்வது?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்த பிறகு இதை நிறையப் பேர் கேட்டார்கள். மேலே கழுவாதே என்றவன் இங்கே கழுவு என்கிறேனே என்று பார்க்க வேண்டாம், இது வேறு. பூஞ்சணம் பிடிக்காத பில்ம் நனைவதற்காகவே செய்யப்பட்டது, டெவலப் பண்ணுவதே தண்ணீரில்தான். நனைந்த பில்ம் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்தால்தான் ஆபத்து, பிறகு பிரிக்கவே முடியாது. ஆகவே அவசரப்பட்டு வெயிலில் போடாமல், சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வைத்து, தண்ணீருக்குள்ளேயே மெல்லப் பிரித்து, சேற்றை விரலால் தேய்க்காமல் தண்ணீரின் ஓட்டத்தாலேயே போக விடுங்கள். கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் நல்லது, காய்ந்த பிறகு துளித் தடம் விழாது. பற்றரிக்கு விடுகிற தண்ணீர் என்று கேட்டு வாங்கும்போது போத்தலைப் பார்த்து வாங்குங்கள், சிலர் அசிட்டைத் தூக்கித் தருவார்கள். பிறகு ஓரத்தில் கிளிப் போட்டு, தூசு இல்லாத அறையில் தொங்கவிட வேண்டும், குளியலறை நல்ல இடம். இரண்டு நாளுக்குள் செய்ய முடியாத அளவு இருந்தால் பொலித்தீன் பையில் போட்டு மூடி பிரிஜ்ஜின் ப்ரீசரில் வைத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செய்யலாம்.

டின்னைத் திறந்தால் வினாகிரி மணக்கிறது, ஏன்?

அந்தப் பில்மின் அடித்தாள் அசிட்டேட், அது சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது, மூக்குக்கு வருவது அதுதான். வெக்கையும் ஈரமும் இதைத் துரிதப்படுத்தும், பக்கத்தில் உள்ள பில்முக்கும் தொற்றும். நிறுத்த முடியாது, மெதுவாக்கலாம். தனியாக எடுத்துக் காற்றுப் பட வைத்து, எல்லாவற்றுக்கும் முன்னால் அதை ஸ்கேன் பண்ணுங்கள், சுருங்கி அலை அலையாக நெளிந்துவிட்டால் ஸ்கேனரில் குவியம் நிற்காது. 1950களுக்கு முந்திய பெட்டி ஏதாவது கிடைத்து, பில்மின் விளிம்பில் ஆங்கிலத்தில் நைட்ரேட் என்று அடித்திருந்தால் அடுப்படிக்குக் கொண்டு போகவே வேண்டாம், அது பற்றி எரியும். சேஃப்டி என்று இருந்தால் பயமில்லை.

எந்தப் பக்கத்தை மேலே வைப்பது? படம் இடவலமாகத் திரும்பிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

பளபளப்பான பக்கம் அடித்தாள், மங்கலான பக்கம் படம். எந்தப் பக்கம் கீழே என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், அதன் புத்தகத்தைப் பாருங்கள். விளிம்பில் உள்ள எழுத்தும் இலக்கமும் நேராகத் தெரிந்தால் படமும் நேர். விளிம்பு வெட்டுப்பட்டிருந்தால் படத்துக்குள்ளேயே சாட்சி இருக்கும்: ரயில்வே ஸ்டேஷன் பலகை, கோயில் வாசலில் உபயகாரர் பெயர். ஒன்றும் இல்லாவிட்டால் சேலை முந்தானையைப் பாருங்கள், அது இடது தோளில் விழ வேண்டும். ஆண்களின் சட்டைப் பையும் இடது பக்கம். கொழுந்துக் கூடை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அது உதவாது.

கண்ணாடியில் பில்ம் நேரடியாக ஒட்டினால் எண்ணெய் மிதக்கிற மாதிரி வானவில் வளையங்கள் வரும், நியூட்டன் வளையம் என்பார்கள். பில்ம் ஹோல்டரில் வைத்தால் வராது. சுருண்ட பில்மை உறையில் போட்டு ஒரு கிழமை கனமான புத்தகத்தின் அடியில் வையுங்கள். அயர்ன் பண்ணலாமா என்று ஒருவர் கேட்டார், கூடாது ஐயா.

கலர் நெகட்டிவில் அந்த ஆரஞ்சு நிறம் என்ன? தலைகீழாக்கினால் எல்லாம் நீலமாக வருகிறதே?

அது அழுக்கும் இல்லை, பழசானதும் இல்லை. பிரிண்டில் மூன்று சாயம் இருக்கிறது என்றேனே, பில்மிலும் அப்படித்தான், அவை சுத்தமான சாயங்கள் இல்லை. மெஜந்தா என்கிற ஊதாச்சிவப்புச் சாயம் பச்சையை மட்டும் தடுக்க வேண்டும், ஆனால் நீலத்தையும் கொஞ்சம் தடுத்துவிடும், சயானுக்கும் இதே போல ஒரு குறை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் பில்ம் செய்தவர்கள் ஓர் ஆரஞ்சு முகமூடியை உள்ளேயே வைத்தார்கள். பிரிண்ட் போடும் தாள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். நம் கணினிக்கு அது தெரியாது, வெறுமனே தலைகீழாக்கினால் ஆரஞ்சு நீலமாகிவிடும்.

ஸ்கேனரோடு வருகிற மென்பொருளிலேயே கலர் நெகட்டிவ் என்று தெரிவு செய்தால் அது தானாகவே எல்லாம் செய்யும். அவசரத்துக்கு அது போதும். ஆனால் நான் முதல் நானூறு படத்தை அப்படிச் செய்து, ஜேபெக்கில் சேமித்து, பிறகு உட்கார்ந்து பார்த்தால் பாதிப் படத்தில் முகம் ஊதா, பனி சாம்பல், திரும்ப நானூறையும் முதலிலிருந்து செய்தேன். அதனால் இப்போது செய்வது இப்படி. பொசிட்டிவ் பில்ம் என்று மெஷினிடம் பொய் சொல்லி, எல்லாத் தானியங்கித் திருத்தத்தையும் அணைத்துவிட்டு, 48 பிட் டிஃப் (ஜேபெக் மாதிரி நசுக்காத பெரிய பைல்) ஆக எடுக்கிறேன். ஆரஞ்சும் ஓரமும் சேர்ந்து அப்படியே வரும், பார்க்க அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். அந்தப் பைலை நான் தொடுவதே இல்லை. திருத்தம் எல்லாம் அதன் நகலில்தான்.

திருத்தும்போது முதலில் படம் விழாத வெறும் விளிம்பு ஆரஞ்சைத் தொட்டுக் காட்டி, இதுதான் ஒன்றுமில்லாத இடம் என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். டார்க்டேபிள் என்கிற படம் திருத்தும் மென்பொருளில் இதற்கென்றே நெகாடாக்டர் என்று ஒரு கருவி இருக்கிறது, காசு கிடையாது. லைட்ரூம் வைத்திருப்பவர்கள் நெகட்டிவ் லாப் புரோ வாங்கிச் சேர்க்கிறார்கள். வியூஸ்கேன் என்கிற ஸ்கேன் மென்பொருளிலும் பில்மின் அடி நிறத்தை ஒரு தடவை அளந்து பூட்டி வைக்கலாம். இலவசமாகக் கிடைக்கிற கிம்ப் மட்டும்தான் இருக்கிறது என்றாலும் ஒன்றும் குறைவில்லை: விளிம்பை வெட்டிவிட்டு, நிறத்தைத் தலைகீழாக்கி, லெவல்ஸைத் திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக இரு முனைகளையும், அங்கே தெரிகிற வரைபடத்தின் மேடு தொடங்குகிற இடத்துக்கும் முடிகிற இடத்துக்கும் இழுங்கள். நீலம் போய்ப் படம் கண் திறக்கும். அப்புறம் இரு முனைக்கும் நடுவில் உள்ள நடுமுள்ளை ஒரு மயிரளவு அசைத்து முகத்துக்கு வாருங்கள். விளிம்பை வெட்டாமல் இதைச் செய்தால் மென்பொருள் விளிம்பையும் படம் என்று எண்ணிக் கணக்கைக் குழப்பும், முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

நிழல் பச்சையாகவும் வெளிச்சம் சிவப்பாகவும் முரண்டு பிடித்தால் அது சாயம் மங்கின பில்ம். லெவல்ஸ் போதாது, கேர்வ்ஸில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக வளைக்க வேண்டும். முழுக்கச் சரிவராது, பக்கத்தில் கொண்டுவரலாம்.

தேயிலைப் படங்களில் நிறம் ஏன் இப்படிக் கெட்டுப்போகிறது?

இதுதான் நம் ஊருக்கென்றே உள்ள பிரச்சினை, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். தானியங்கித் திருத்தம் ஒரு கணக்கில் ஓடுகிறது: எந்தப் படத்திலும் எல்லா நிறமும் கலந்தால் நடுச் சாம்பல் வரும் என்று. முக்கால்வாசிப் படம் தேயிலையாக இருந்தால், ஐயோ பச்சை கூடிவிட்டது என்று அது மெஜந்தாவை அள்ளி ஊற்றும். மலை சாம்பலாகிவிடும், முன்னால் கூடையோடு நிற்கிற அம்மாயியின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விடும். தேயிலையும் ஒரே பச்சை இல்லை, கொழுந்து மஞ்சள் கலந்த பச்சை, முற்றின இலை கரும்பச்சை, அது இரண்டும் வேறு வேறாகத் தெரிந்தால்தான் நிறம் சரி என்று அர்த்தம்.

பனி இன்னும் மோசம். பனிமூட்டத்தில் எடுத்த படத்தில் கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, எல்லாமே நடுவில். லெவல்ஸின் இரு முனையையும் மேடு வரைக்கும் இழு என்று மேலே சொன்னேன் பாருங்கள், அதை இந்தப் படத்தில் செய்தால் பனியே இருக்காது. ஏதோ மத்தியான வெயிலில் புழுதி பறக்கிற மாதிரி ஆகிவிடும். அதற்கு வழி, அதே ரோலில் வெயிலில் எடுத்த ஒரு சாதாரணப் படத்தை முதலில் திருத்துங்கள், அந்த அளவுகளைச் சேமித்து, பனிப் படத்துக்கு அப்படியே போடுங்கள். ஒரே ரோல், ஒரே ஆரஞ்சு, ஒரே டெவலப்பிங், ஆகவே கணக்கு பொருந்தும். பனி பனியாக நிற்கும்.

நடுநிலை நிறம் எது என்று காட்ட வெள்ளையாக எதையாவது தொடச் சொல்வார்கள். வேட்டியைத் தொடாதீர்கள், அந்தக் காலத்தில் வேட்டிக்கு நீலம் போட்டிருப்பார்கள், அதை வெள்ளை என்று சொன்னால் படம் மஞ்சளாகும். மூடின வானத்தின் கீழ் லயத்துக் கூரைத் தகரம் (லயம் என்றால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு), துரு ஏறாத தகரம், நல்ல சாம்பல். நெற்றித் திருநீறும் பரவாயில்லை. இரவுக் கல்யாணப் படங்கள் குண்டு பல்பில் மஞ்சளாகவும் டியூப் லைட்டில் பச்சையாகவும் விழுந்திருக்கும், மஞ்சளை முழுக்க எடுத்துவிடாதீர்கள், அந்த வீட்டில் வெளிச்சம் அப்படித்தான் இருந்தது.

முகம். தானியங்கி எதுவாக இருந்தாலும் கறுத்த முகத்தை வெளுக்கவே பார்க்கும், ஸ்டூடியோக்காரர்களும் முன்பு அதைத்தான் செய்தார்கள், கேட்டு வாங்கினவர்களும் உண்டு. நான் செய்வதில்லை. மலையில் ஏறி இறங்கி வெயிலில் நின்றவர்களின் நிறம் எதுவோ அதுதான் நிறம். எனக்குச் சந்தேகம் வந்தால் அந்தப் படத்தில் இருக்கிற யாரையாவது, அல்லது பக்கத்தில் நின்றவரை, திரையின் முன்னால் உட்கார வைத்துக் கேட்கிறேன். ஒரு திருவிழாப் படத்தில் நான் சிவப்பு என்று திருத்தி வைத்திருந்த சேலையை, ‘அது மாம்பழக் கலருடா, தீபாவளிக் காசில எடுத்தது’ என்று பெரியம்மா சொன்னார். பார்த்தால் பச்சை நிறத்தின் நடுமுள் ஏழு புள்ளி தள்ளி இருந்தது.

தூசும் கீறலும் தானாக நீங்குமா?

டிஜிட்டல் ஐஸ் மாதிரியான வசதி இருந்தால் பெரும்பாலும் நீங்கும். ஸ்கேனர் அகச்சிவப்புக் கதிரால் இன்னொரு தடவை பார்க்கும். கலர்ச் சாயங்களுக்குள் அது புகுந்து போய்விடும், தூசும் கீறலும் மட்டும் மறிக்கும், அந்த இடத்தைப் பக்கத்து நிறத்தால் நிரப்பிவிடும். வி600இல் இது உண்டு, பிளஸ்டெக்கின் மேலே சொன்ன 35 மில்லிமீட்டர் மெஷின்களில் பெயரின் கடைசியில் i இருப்பதில் மட்டும். கறுப்பு வெள்ளைக்கு இதைப் போடவே கூடாது, அந்தப் படம் வெள்ளித் துகளால் ஆனது, வெள்ளி அகச்சிவப்பை மறிக்கும், மெஷின் தாத்தாவின் மீசையையே தூசு என்று துடைக்கும். கொடாக்குரோம் ஸ்லைடிலும் இதே தொல்லை வரும். கெமராவால் எடுக்கிறவர்களுக்கும் ஐஸ் கிடையாது.

அதனால் முன்கூட்டியே ரப்பர் ஊதியால் ஊதி, பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு வைப்பதுதான் உத்தமம். வாயால் ஊதாதீர்கள், எச்சில் படும். மிச்சத்தைக் கிம்ப்பில் ஹீல் கருவியால் ஒவ்வொன்றாக. முகத்தையும் கையையும் மட்டும் துடைத்துவிட்டு வானத்தில் இருப்பதை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு ரோலிலேயே கண் போய்விடும். ஷார்ப்னிங் எல்லாவற்றுக்கும் கடைசியில், கொஞ்சமாக.

ஏஐயில் போட்டால் முகம் தெளிவாகிறதே, கறுப்பு வெள்ளைக்குக் கலரும் வருகிறதே?

வருகிறது. அது உங்கள் தாத்தா இல்லை, அவ்வளவுதான். நெகட்டிவில் பத்துப் புள்ளியில் இருக்கிற கண்ணை அது எங்கிருந்து தெளிவாக்கும், வேறு ஆயிரம் பேரின் கண்ணைப் பார்த்து ஒன்றை வரைகிறது. கலரும் அப்படியே. ஆசைக்குச் செய்து பாருங்கள், ஆனால் பைலின் பெயரிலேயே அதை எழுதிவிடுங்கள், நாளைக்கு உங்கள் பேத்தி அதுதான் உண்மை என்று நினைத்துவிடுவாள்.

எப்படிச் சேமிப்பது, எங்கே வைப்பது?

திருத்தாத டிஃப் ஒன்று, திருத்தின ஜேபெக் ஒன்று. 2400இல் ஒரு டிஃப் 46 எம்பி கிட்ட வரும், 36 படச் சுருளுக்கு ஒன்றே முக்கால் ஜிபிக்குக் கொஞ்சம் கீழே. கூகிள் தருகிற இலவச 15 ஜிபி எட்டு, ஒன்பது ரோலுக்குத்தான் காணும். ஆகவே இரண்டு ஹார்ட் டிஸ்க், அதில் ஒன்று வேறு வீட்டில், முடிந்தால் வேறு ஊரில். மண்சரிவு வரும் ஊரில் இரண்டையும் ஒரே அலுமாரியில் வைத்தால் ஒன்று வைத்த மாதிரிதான். ஸ்கேன் ஓடும்போது கரண்ட் போகும், ஒரு சின்ன யூபிஎஸ் இருந்தால் மனம் நிம்மதி.

பைலுக்குப் பெயர் வைக்கும்போது வருஷம் முன்னால், பிறகு தோட்டம், பிறகு டிவிஷன், பிறகு ரோல் இலக்கம். வருஷம் தெரியாவிட்டால் 197எக்ஸ் என்று வையுங்கள். படத்தில் உள்ளவர்களின் பெயரை இடமிருந்து வலமாக ஒரு கொப்பியில் எழுதுங்கள், பட்டப்பெயரோடு. ஒரே தோட்டத்தில் பத்து ராமாயி இருப்பார்கள், பட்டப்பெயர் இல்லாமல் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

ஸ்கேன் முடிந்தால் நெகட்டிவை எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள். ஐந்து வருஷத்தில் இதைவிட நல்ல மெஷின் வரும், ஹார்ட் டிஸ்க் செத்தும் போகும். பொலிபுரொப்பிலீன் உறையில் போடுங்கள், மலிவான ஒட்டுகிற பிவிசி உறை வேண்டாம். பிஸ்கட் டின் நல்லதுதான், உள்ளே ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் போட்டு மூடிக்கு டேப் சுற்றுங்கள், நிறம் மாறினால் ஜெல்லைச் சட்டியில் வறுத்துத் திரும்பப் போடலாம். ஈரம் இருக்காது என்று அடுப்புக்கு மேல் பரணில் வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. ஈரம் இல்லைதான், விறகுப் புகையும் வெக்கையும் சேர்ந்து பில்மைக் கருக்கிவிடும். படுக்கை அறை அலுமாரியின் நடுத்தட்டு போதும், வெளிச்சுவரோடு ஒட்டாமல்.

இந்தியாவில் இருக்கிற சொந்தக்காரருக்கு எப்படி அனுப்புவது?

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நசுக்கிவிடும், டொக்யுமென்ட் என்று போட்டு ஜேபெக்கை அனுப்புங்கள். அனுப்பும்போது யார் யார் என்று தெரிகிறதா என்றும் கேளுங்கள். நாங்கள் கோத்தகிரிக்கு அனுப்பின ஒரு படத்தின் பிரிண்ட் அங்கே இருந்தது, அதன் பின்பக்கத்தில் பேனாவால் ஆறு பேரின் பெயரும் எழுதியிருந்தது.

எங்கள் வீட்டு நெகட்டிவை நீங்களே ஸ்கேன் பண்ணித் தருவீர்களா?

பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு முடியாது, என் இரண்டாவது டின்னே இன்னும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மழை இல்லாத மாதமாகப் பார்த்து, ஒரு ரோலோடு வாருங்கள், எப்படி என்று காட்டித் தருகிறேன். வரும்போது அந்த முகங்களைத் தெரிந்த வீட்டு மூத்தவர் யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள், தேத்தண்ணி நான் போடுகிறேன்.